நீங்கள் பயந்த கம்ப்யூட்டர்

என்னங்க,

காலையில் கம்பெனி ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடான தூசி வாசனை வந்தது. நம் வீட்டுப் பெட்டியிலும் இதே வாசனைதான் வரும். நீங்கள் இருந்தால், "ஏதோ தீயுது, ஆஃப் பண்ணு" என்றிருப்பீர்கள். நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

தை பிறந்தால் பேரேடு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான், தெரியாதவர்கள் லோடிங்குக்குப் போகலாம் என்று கம்பெனியில் ஆடி மாதமே சொல்லிவிட்டார்கள். முதுகுவலிக்காரர் நீங்கள், லோடிங்கில் போய் என்ன செய்வது? அடுத்த ஞாயிறே பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தீர்கள். அது டி.வி. இல்லை என்று அத்திப்பள்ளி செக்போஸ்டில் கன்னடத்தில் நம்பவைப்பதற்குள் பஸ்ஸே உங்களைத் திட்டித் தீர்த்ததாம்.

அந்தப் பெட்டி படுத்திய பாடு கொஞ்சமா. ஒரு நாள் திரையில் 'இல்லீகல் ஆபரேஷன்' என்று வந்தது. கம்பெனி கேட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டாமல் ஒரு நாளும் வெளியே வராத மனிதர் நீங்கள். சட்டென்று கையை எடுத்துவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணலையே, நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தீர்கள். ஆயுதபூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தீர்கள். வைக்கக் கிடைத்த இடம் ஃபிளாப்பி செருகும் வாய். குங்குமம் உள்ளே உதிர்ந்து, அதோடு எந்த ஃபிளாப்பியையும் அது ஏற்கவில்லை. மெக்கானிக் வந்து ஹார்ட் டிஸ்க்கும் கிராஷ் என்றார். "கிராஷுங்கிறாரு, ஒரு கீறல்கூட இல்லையே" என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். நான் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை.

பெட்டி சரியாகி வந்ததும், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் என்று விரல் வைக்க நான் சொல்லித்தந்தேன். நீங்கள் ஒற்றை விரலிலேயே தட்டி, உங்கள் ஸ்டோர்ஸ் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். மாங்காய் லாரிகள் ஓடும் மாதத்தில், ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள்.

நான் அழவில்லை. உங்கள் அக்கா என்னைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். இன்றுவரை அழுகை வரவில்லை. வாரிசு வேலை என்று அதே நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். வருகிற போல்ட்டையும் பேரிங்கையும் எண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். கை ஓடுகிறது. மனசு எங்கேயோ கிடக்கிறது.

கம்ப்யூட்டரைத் திறந்தால் அது முதலில் பெயர் கேட்கும். எனக்கென்று பதிந்து தரும்வரை உங்கள் பெயரையே அடிக்கச் சொன்னார்கள். அடித்ததும் மறுபேச்சில்லாமல் திறந்துவிடுகிறது. நான் ஏற்றும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் உங்கள் பெயர்தான் விழுகிறது.

இன்று மதியம் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். "உங்க பேருக்கு மாத்திடலாமா மேடம்? ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றார்.

"இருக்கட்டும் சார், பழகிடுச்சு" என்றேன்.

அவரும் சரியென்று போய்விட்டார். ஷிப்ட் முடியும்வரை, கணக்குப்படி, நீங்கள்தான் வேலை பார்த்தீர்கள்.