வேண்டாம் என்று போட்ட கையெழுத்து

அன்பு மகள் மேரனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், என் முட்டி வலியைத் தவிரப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் உடம்புக்கு எதுவும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எந்நேரமும் நினைப்பு. அப்பா கடிதம் எழுதுகிறாரே, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் இல்லை. பனி உருகித் தெற்கு வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, சிவப்புப் பசு இரட்டைக் கன்று போட்டு ஒன்று தங்கவில்லை, அம்மா தவக்காலத்துப் புதன்கிழமைகளில் தேவாலயத்தில் நாற்பது பேருக்கு சூப் காய்ச்சிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உனக்கே தெரியும், போனை என் கையில் கொடுத்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுவேன். இதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான்கு நாளாக எழுதுகிறேன். நான் கிறுக்குவதை அம்மா பிழை திருத்தி நல்லபடி எழுதித் தருகிறாள், விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அழுதுகொண்டே அழைத்தாய். பள்ளி உளவியலாளர் படிப்பின் பயிற்சி வருடத்தில் உன் பொறுப்பில் இருக்கிற ஒரு பையன், மூன்றாம் வகுப்பு, ஒரு வரி படிக்கத் திணறுகிறான், ஆனால் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டுகிறான் என்றாய். பெயர் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பது உங்கள் படிப்பின் விதி என்பதும் எனக்குத் தெரியும். அது ஏன் என்று பார்க்க அவனுக்குச் சோதனை வைக்கச் சம்மதம் கேட்டு நீ அனுப்பிய தாளை அவன் அப்பா "வேண்டாம்" என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஒரு அப்பா எப்படிப்பா இப்படி இருக்க முடியும்? அந்த ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று என்னைத்தான் கேட்டாய், அம்மாவை இல்லை. நான் கன்றுக்குப் பால் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். கன்று அப்போதுதான் குடித்து முடித்திருந்தது. அடுத்த ஞாயிறு இன்னொன்று சொன்னாய். நம் ஊர்ப் பள்ளியிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மே மாதம் ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று சொல்லி, அதற்காக எழுதியதைப் படித்துக் காட்டினாய். அதில், "எங்க அண்ணன் கோல்பி இந்தப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருஷம் உக்காந்திருந்தான். அவனுக்கு என்ன கஷ்டம்னு இங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல" என்று ஒரு இடம் வந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோதும் இதையேதான் எழுதியிருந்தாய். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நீ போனை வைத்த பிறகு, "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்றாள். நான் எழுதுகிறேன் என்றேன்.

கேட்டார்கள் மேரன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டார்கள்.

நம் பள்ளியையும் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் ஒன்றாக்கிப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய மாணவர்களின் கோப்புகளை அழிக்கப் போகிறோம், வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளூர்த் தாளில் போட்டிருந்தார்கள். அம்மா அதை வெட்டி வைத்திருந்தாள். நீ அந்தப் பேச்சைப் படித்துக் காட்டிய மறுநாள் காலை நான் தனியாகப் போய் வாங்கி வந்தேன். அங்கிருந்த பெண் ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். கோப்பு அப்படியொன்றும் தடிமன் இல்லை. உள்ளே இரண்டு சம்மதத் தாள் இருக்கிறது, ஒன்று அவன் மூன்றாம் வகுப்பில், இன்னொன்று ஐந்தாம் வகுப்பில். இரண்டிலும் "வேண்டாம்" என்ற கட்டத்தில் குறி, கீழே என் கையெழுத்து. அதோடு, நம் பக்கம் நான்கு பள்ளிக்கும் ஒரே உளவியலாளராகக் காரில் அலைந்துகொண்டிருந்த ஹவ்லிக் அம்மையார் தேதி போட்டு எழுதி வைத்த குறிப்புகள், அம்மா படித்துக் காட்டினாள். பன்னிரண்டு முறை போன் செய்திருக்கிறார். மூன்று முறை நம் வீட்டுக்கே வந்திருக்கிறார். முதல் தடவை வந்தபோது உனக்கு நாலு வயது, அம்மா இடுப்பில் தொங்கிக்கொண்டு அவருடைய பையைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தாய், அவர் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை எடுத்து உன் கையில் கொடுத்தார். அதே மாதிரிக் கட்டைகளை வைத்துத்தான் நீ இன்று பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கிறாய்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பையன் கெட்டிக்காரன், லீலண்ட். படிப்பு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குதுன்னு பாக்கலாம், அவ்வளவுதான்" என்றார். அம்மா பேனாவை எடுத்துவிட்டாள். நான் தாளை அவள் கைக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டேன். "என் பையன் மேல முத்திரை குத்த உங்களை நான் கூப்பிடல. அவனுக்குச் சோம்பல், அதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். இத்தனைக்கும் அவன் அங்கேயே, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சோம்பேறி என்ற சொல் அன்றைக்கு எனக்கு நல்ல சொல்லாகப் பட்டது கண்ணு. சோம்பேறி நாளைக்கே எழுந்து உட்கார்ந்து படித்துவிடலாம், மூளையில் கோளாறு என்று எழுதிவிட்டால் அது எழுதினது எழுதினதுதான் என்று நினைத்தேன்.

ஒரு அப்பா எப்படி இப்படி இருக்க முடியும் என்று கேட்டாயே, அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருக்கிறது. இதை அம்மாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயதில் என்னை வகுப்பிலிருந்து எடுத்து, பள்ளியின் கீழ்த்தளத்தில் கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில் போட்டார்கள். நாங்கள் ஏழு பேர். ஒருவனுக்குக் காது கேட்காது, ஒரு பெண் பேசவே மாட்டாள், நான் படிக்கத் தெரியாதவன். நாள் முழுக்க மணி கோத்தோம், வண்ணம் அடித்தோம். சாப்பாட்டு மணி அடித்து மேலே வந்தால் படியில் வரிசையாக நின்றுகொண்டு, "மக்குக் கூட்டம் வருது, ஒட்டிக்கும், வழி விடுங்கடா" என்பார்கள். இரண்டு வருடம். பிறகு என் அப்பா சண்டை போட்டு என்னை மேலே கொண்டுவந்தார், ஆனால் அதற்குள் படிப்பு போய்விட்டது. நான் விதை மூட்டையில் இருப்பதைப் படிப்பேன், மருந்து அளவைப் படிப்பேன், செய்தித்தாள் படிக்க வராது. "கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன், நீ படி" என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும். என் மகனை அந்தப் படியில் ஏறி வர விட மாட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கீழறையை எப்போதோ மூடிவிட்டார்கள், இப்போது அப்படிச் செய்வதில்லை என்று ஹவ்லிக் அம்மையார் சொல்லியும் பார்த்தார். நான் நம்பவில்லை.

மீதி உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. பன்னிரண்டு வயதில் சத்தத்தை வைத்தே டிராக்டரில் என்ன கோளாறு என்று சொல்வான். இயந்திரம் பழுதுபார்க்கிற இரண்டு வருடப் படிப்புக்கு அவனே ஆசைப்பட்டுத் தாள் வாங்கி வந்தான். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கோடைக்காலம் முழுக்கத் தொங்கியது. ஆகஸ்டில் ஒரு நாள், "ஒரு தாளை நிரப்ப உனக்கு மூணு மாசமாடா, சோம்பேறி?" என்று நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். அவன் எழுந்து தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் சோளக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். இந்தப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஒரு தாளும் கேட்காத வேலை அது ஒன்றுதான். ஜனவரியில் இரும்புக் குதிருக்குள் கட்டிபட்ட சோளத்தை உடைக்க இறங்கியவனை மேலிருந்து சரிந்த சோளம் மூடிக்கொண்டது. பத்தொன்பது வயது. அதில் யார்மேலும் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை என்றார்கள். அவன் ஏன் அங்கே இருந்தான் என்று யாரும் விசாரிக்கவில்லை, எனக்கு மட்டும் தெரியும். அடக்கம் முடிந்து வந்த அன்று இதே மேஜையில், உனக்குப் பதினைந்து வயது, "அந்தப் பள்ளிக்கூடம்தான் அவனைக் கைவிட்டுது" என்று அலறினாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பதினோரு வருடம் பேசாமல் இருந்தேன். நீ அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தாய், கல்லூரி முடித்தாய், மேற்படிப்பு முடிக்கப் போகிறாய். உன் படிப்பைப் பற்றிக் கடைத்தெருவில் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லிவிட்டு, வண்டிக்குள் வந்து சாவியைப் போடாமல் வெகு நேரம் உட்கார்ந்திருப்பேன்.

போன வியாழக்கிழமை ஹவ்லிக் அம்மையாரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று நாளாயிற்று, இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தடியோடு நடக்கிறார். இரண்டு டஜன் முட்டை எடுத்துப் போனேன், வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. கதவைத் திறந்ததும், "கோல்பியோட அப்பா" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிறகு, "நான் நாலாவது தடவையும் வந்திருக்கணும், லீலண்ட். உங்க நாய்க்குப் பயந்துதான் வரலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாய்க்கு இல்ல, உங்களுக்குத்தான் பயந்தேன்" என்றார். அந்தச் சோதனை வைத்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பானா என்று கேட்டேன். "தெரியாது. தெரியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா படிச்சிருப்பான்" என்றார்.

நான் எழுந்து புறப்படும்போது, கோப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னார். அவன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது, நான் இரண்டாவது தாளையும் திருப்பி அனுப்பிய பிறகு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே அவர் அறைக்கு வந்து கதவருகே நின்றானாம். "அந்தச் சோதனையை எனக்கு வைப்பீங்களா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டிருக்கிறான். அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாதே, நான் இன்னொரு தடவை உன் அப்பாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று இவர் கேட்டாராம். அதற்கு அவன், "வேண்டாம் மேடம். கேட்டா எங்கப்பாவுக்கு அவமானமா இருக்கும். அவருக்கும் படிக்க வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பத்து வயதில் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது மேரன். எனக்காகத் திரும்பிப் போய் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் என்னோடு ஒரே வண்டியில் வந்தான், நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரிப் பாவனை செய்யும்போதெல்லாம் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைச் சோம்பேறி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வீட்டிலிருந்து எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு கோப்பையும் அனுப்புகிறேன், உன்னிடம் இருப்பதுதான் சரி. மே மாதம் நீ பேசும்போது நடந்ததை நடந்தபடியே பேசு, என் பெயரைச் சொல்லியே பேசு. அந்த மண்டபத்தில் ஹவ்லிக் அம்மையாரும் இருப்பார், செய்யாத தப்புக்கு அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. பேசப் பிடிக்கவில்லை என்றால் வர முடியாது என்று எழுதிவிடு, யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். என்னோடு கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம், அதுவும் நியாயம்தான். அம்மாவை மட்டும் அதற்காகத் தள்ளி வைக்காதே, அவள் அன்றைக்குப் பேனாவை எடுத்தவள்.

உன் படிப்பைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பையனின் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பாதே, அந்தக் கட்டடத்துக்குள் அவரால் வாயைத் திறக்க முடியாமல் இருக்கலாம். அவர் வேலை செய்கிற இடத்துக்கு நீ போ. முதலில் அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசு. ஒரு தடவை விரட்டினால் இன்னொரு தடவை போ. உங்கள் விதி இடம் கொடுத்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் எடுத்துக்கொண்டு போ. கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே கண்ணு, பக்கத்தில் உட்கார்ந்து நீயே படித்துக் காட்டு.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் கைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் உன்னால் நன்றாக இருக்கட்டும். காரில் பனிக்குப் போட்ட டயரை மே மாதம் வரை கழற்றாதே. அம்மா பின்னின கம்பளிக் காலுறை தனிப் பொட்டலமாக வருகிறது, வந்ததும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லு.

உன்னையும் அவனையும் பெற்ற அப்பா,
லீலண்ட் தோருப்