மருலாப் பானை காலியாகும் வரை

1983 பிப்ரவரி 9

காலை முழுக்க மருலாக் கள்ளுக்குப் பழம் பிழிந்தேன். மாட்டுக் கொம்பால் குத்திக் குத்திக் கை எரிகிறது. அங்கோலாக்காரர்கள் நாங்கள் எங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தில் தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டது. இது இரண்டாவது மழைக்காலம். என் பள்ளிக்கூடம் இப்போது அவர்கள் முகாம். டீச்சரம்மா பழம் பிழிகிறாள். நல்ல பிழைப்பு.

பிப்ரவரி 11

அண்ணன் ஹௌபிகு வந்திருக்கிறான். அரசுப் படையில் சேர்ந்த பிறகு ஒன்றரை வருஷம் ஒரு தகவலும் இல்லை. விடியலில் கம்பங்கொல்லை வழியாக நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறான். இடது காலில் சீழ்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? முகாம் கூப்பிடு தூரத்துல இருக்கு."

"மருலா மாசம், தங்கச்சி. குடிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் ஆயுதம் தொடமாட்டான்."

"அது நமக்கு. வெள்ளைக்காரன்கிட்ட யார் போய்ச் சொன்னா?"

சிரிக்கிறான். அவன் வந்த தடத்தின் மேல் மாடுகளை ஓட்டிவிட்டேன்.

பிப்ரவரி 14

முகாமிலிருந்து தடம் பார்க்கிறவன் வந்தான். ஹமுன்யேலா. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த எங்கள் இனத்தான்தான், சம்பளம் அவர்களிடம். துப்பாக்கியை வேலிக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். குடித்தான். என் அம்மாவின் குலம் கேட்டான். மாட்டுக் குலம் என்றேன்.

"எங்கம்மாவும் அதேதான். அப்ப நீங்க எனக்கு அக்கா முறை." பிறகு குரலை இறக்கினான். "மாடு ஓட்டினாலும் இடது கால் இழுக்கிற தடம் தெரியுது அக்கா. இந்த மாசம் நான் எதையும் பார்க்கல. உங்க பானை காலியாச்சுன்னா பார்ப்பேன். அதுக்குள்ள அனுப்பிடுங்க."



பிப்ரவரி 15

அண்ணனிடம் சொன்னேன். "அவங்க சோத்தைத் தின்னுறவன். அவன் பேச்சை நம்புறியா?" என்கிறான்.

நம்புகிறேனா? தெரியவில்லை. இந்தக் காலோடு இவன் எங்கே நடப்பான்?

பிப்ரவரி 19

பழம் தீர்ந்துகொண்டு வருகிறது. ஊரார் மரத்தடியெல்லாம் பொறுக்கினேன். போதவில்லை. பானையில் தண்ணீர் ஊற்றினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஹமுன்யேலா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மருலாவா, குட்டைத் தண்ணியா?" என்றான்.

"வேணும்னா குடி. இல்லன்னா உங்க லெப்டினன்ட்கிட்ட பீர் கேளு."

சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டான். போன பிறகு பார்த்தால், கிண்ணத்துக்கு அடியில் காகிதத்தில் மடித்து எட்டு மாத்திரைகள். சீழுக்கு.

பிப்ரவரி 23

வீக்கம் வடிந்துவிட்டது. அண்ணன் வேலியைச் சுற்றி நடந்து காட்டினான். நாளை மறுநாள் கிளம்புகிறான். இன்னும் இரண்டு நாள் பானை தாங்க வேண்டும்.

பிப்ரவரி 25

சுட்டுட்டான்.

எங்கண்ணன்தான். அந்தப் பையன் ஹமுன்யேலா வெறுங்கையோட வந்து உக்காந்து, கிண்ணத்துக்குக் கையை நீட்டினான். இவன் பின்னாலேர்ந்து — கம்புக் குதிருக்குள்ள துப்பாக்கி வெச்சிருந்திருக்கான், வந்த நாள்லேர்ந்து. அந்தப் பையன் துப்பாக்கிக்குப் பயந்து பயந்து செத்தேனே, இவன்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

"என் தடம் தெரிஞ்சவனை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"ன்னான்.

ஓடணும். விடியறதுக்குள்ள.

மார்ச் 14, லுபாங்கோ

அரசுப் படை கையிலிருக்கும் ஊர். அகதிகள் முகாம். அண்ணனின் கால் நன்றாக ஆறிவிட்டது. அவன் படைக்காரர்கள் புதுப் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட வருகிறான்.

எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் ஹமுன்யேலாவின் அம்மாவைத் தெரியுமா என்று விசாரிக்கிறேன். அது அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது.

"அந்தம்மாவைக் கண்டுபிடிச்சு என்ன சொல்லப்போற?"

"உங்க மகன் செத்தது எங்க வீட்டு வேலிக்குள்ளன்னு சொல்லுவேன்."

களியைத் தின்று முடித்துவிட்டுக் கழுவக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் ஊற்றவில்லை.