படுத்த கோடும் ஏறும் கோடும்

ஐப்பசி, திங்கட்கிழமை

காலையில் என் வீட்டுக்காரர் பாதத்தில் ஆணி ஏறி ரத்தம் வழிந்தது. இவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

மனசு கேட்காமல், சாயங்காலம் நான்கு வருஷத்துச் சர்க்கரை ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். வெறும் வயிற்றில் எடுத்த அளவு படுத்த கோடாகப் போகிறது. மூன்று மாதச் சராசரி மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறது. முதல் கோட்டை நம்பித்தான் டாக்டரிடம் போவதையே நிறுத்தியிருந்தோம்.

தாளைக் காட்டினேன். சிரித்தார்.

"ஏட்டி, ரத்தம் குடுக்கதுக்கு முன்னாடி நாலு நாள் பத்தியம் இருக்கேம்லா. பரீட்சைக்குப் படிக்க மாதிரி."

"மத்த நாளு?"

"தறி ஓட்டுதவன் சீனி போட்ட டீ இல்லாம நிக்க முடியுமா?"

எனக்குக் கோபப்பட யோக்கியதை இல்லை. அந்த நான்கு நாளும் சோற்றை நிறுத்தி அவரைத் தயார் செய்தவளே நான்தான். கணக்கில் பட்டம் வாங்கியவள். நல்ல நம்பர் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

"நாளைக்கே டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

"சனிக்கிழமை போவோம். அதுக்குள்ள நாலு நாள் பத்தியம் இருந்துக்கிடுதேன். இல்லன்னா ஏசுவாரு."

சரி என்றேன். டாக்டர் என்னையும் ஏசுவார் என்ற பயம்தான். வேறொன்றும் இல்லை.

இப்போது தூங்குகிறார். காலையில் நான் போட்ட கட்டுக்கு மேலே கால் வீங்கியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. அவர் அசையவில்லை. எழுப்பிவிட வேண்டியதுதான். சனிக்கிழமை வரைக்கும் இந்தக் கால் தாங்காது.