இன்ஜின் சத்தத்துக்குள் ஒரு ராக் பாட்டு

பங்குனி 12, வியாழன் இரவு.

பீரோவுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. தொண்ணூறுகளில் புதுச்சேரிக் கல்லூரிப் பையன்கள் நால்வர் போட்ட ராக் பாட்டுகள். அன்று யாரும் சீந்தவில்லை, நான் வாங்கினேன். இன்று செல்போனில் தேடினால் குழுவின் பெயர்கூட இல்லை. என் ரசனைதான் கோளாறோ என்ற பழைய சந்தேகம் மறுபடி வந்தது.

வீட்டில் போடக் கூச்சம். டேப் ரிக்கார்டரை உப்பளக் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. டீசல் இருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைத் தொடாதவன் நான். இன்று பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் இன்ஜின் நின்றுவிட, பாடகனின் அலறல் அளம் முழுக்கக் கேட்டது. பதறி அணைத்தேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். "இன்னாங்க ஐயா, அந்த ஆளு கால்ல உப்பு அறுத்துடுச்சா? இப்படிக் கத்துறான்!"

கூட வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

செல்வி விடவில்லை. "அதுக்கு ஏன் நிறுத்திட்டீங்க? போடுங்க. வெயிலுக்கு எங்களுக்கும் அப்படித்தான் கத்தணும்னு இருக்குது."

போட்டேன். கேசட்டின் இரண்டு பக்கமும் ஓடியது. டீசல் வாங்க மறந்துபோனேன். பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். நாளைக்குப் படலாம்.