கொட்டகையில் நாலாம் பாரம்

10 ஜூன் 1957, திங்கள்

மானம் போனது. ஸ்ரீரங்கம் காவேரிக் கரை சினிமாக் கொட்டகை மூடி ஒரு வருஷமாகிறது. இன்று முதல் அது பெண்கள் ஹைஸ்கூல். ரங்கநாயகியை நாலாம் பாரத்தில் சேர்க்கப் போனேன். பழைய டிக்கெட் அறைதான் ஆபீஸ். பழக்க தோஷம் — குனிந்து பொந்துக்குள் கையை விட்டு, "ரெண்டு பெஞ்சு" என்றேன். உள்ளே தலைமையாசிரியை லூர்துராணி அம்மா.

"பெஞ்சு எங்ககிட்ட இல்லீங்க. உங்ககிட்ட இருந்தா கொண்டாந்து போடுங்க. பிள்ளைங்க தரையில உக்காந்திருக்கு."

பெற்ற மகள் என்னைத் தெரியாதவள்போல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

18 ஜூன்

திரை இருந்த சுவரில் கறுப்படித்துப் பாடம் எழுதுகிறார்களாம். "படம் பாக்க ஆம்பளைங்க உக்காந்த பக்கம்தான்பா எங்க கிளாஸ்" என்று சிரிக்கிறாள் ரங்கநாயகி.

30 ஜூன், ஞாயிறு

துறையூரிலிருந்து என் வீட்டுக்காரி வெள்ளையம்மாளின் அண்ணன் அழகர்சாமி வந்தார். அவர் மகன் பிச்சைக்குத்தான் ரங்கநாயகி என்பது தொட்டில் போட்ட நாளிலிருந்து பேச்சு. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"மாப்ள, பொண்ணு தெனம் கொட்டகைக்குப் போகுதாமே. ஊர்ல கேக்குறாங்க."

"அது இப்ப ஸ்கூலு மச்சான்."

"நீங்க சொல்றீங்க. ஊரு கொட்டகைங்குது. நிறுத்துனீங்கன்னா ஆவணியில பரிசம் போட்டுரலாம். இல்லன்னா நான் வேற எடம் பாக்கணும்."

படம் ஓடின காலத்தில் குடும்பத்தோடு துறையூர் பஸ்ஸில் வந்து இறங்கி, இதே கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் பார்த்து, என் வீட்டுப் பாயில் குறட்டை விட்டவர் இவர். அப்போது கெடாத மானம் அங்கே அல்ஜீப்ரா போட்டால் கெட்டுவிடுமா? என்ன நியாயம்டா இது. எட்டாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்த எனக்கும் விளங்கவில்லை.

1 ஜூலை

வெள்ளையம்மாள் மகளை அனுப்பவில்லை. "அண்ணன் ஒறவு போச்சுன்னா நான் எந்த வாசல்லங்க போயி நிப்பேன்?" அவள் கேட்பதிலும் தப்பில்லை. ரங்கநாயகி தாவணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அழுதிருந்தால் தேவலை.

4 ஜூலை

கோபத்தில் பஞ்சர் ஒட்டக்கூடாது. ஓட்டையை விட்டுவிட்டு நல்ல இடத்தில் ஒட்டினேன். என் சைக்கிள் கடைக்கு வந்தவர் சிரித்துவிட்டுப் போனார்.

5 ஜூலை

போதும். மகளைச் சைக்கிளில் ஏற்றினேன். வாசலில் நின்ற வெள்ளையம்மாள் தடுக்கவில்லை. தெருமுனை வரை ஓடிவந்து சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள்.

15 ஜனவரி 1958

பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் வரவில்லை. வெள்ளையம்மாள் என்னோடு பேசவில்லை, பானையோடு பேசினாள்.

27 மே 1960, வெள்ளி

பிச்சைக்குக் கல்யாணம். பெண் வையம்பட்டி. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஸ்ரீரங்கம் என்று முடிவாகி, இடம் பிடித்தது எங்கே தெரியுமா? கொட்டகையில். கோடை லீவில் வாடகைக்கு விடுகிறார்களாம். வரமாட்டேன் என்றேன். ஆனால் மூன்று வருஷம் கழித்து அண்ணன் வந்து அழைத்ததில் வெள்ளையம்மாள் அழுத அழுகையைப் பார்த்த பிறகு எங்கே போகாமலிருப்பது.

பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அழகர்சாமி, மறுபக்கம் பெண்ணின் அப்பா. ரங்கநாயகி பாயசம் ஊற்றிக்கொண்டு போனாள்.

"சுறுசுறுப்பான பிள்ளையா இருக்கு. உங்க பொண்ணுங்களா?" என்றார் வையம்பட்டிக்காரர்.

"ஆமாங்க. எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்கு. டீச்சர் ட்ரெய்னிங் சேக்கப்போறேன்."

"அப்படியா? எந்த ஸ்கூல்ல படிச்சுச்சு?"

அழகர்சாமி இலையைவிட்டுத் தலை தூக்கவில்லை. எதிர்வரிசையில் வெள்ளையம்மாள் கை சோற்றில் அப்படியே நின்றது, என்னையே பார்த்தாள்.

"இங்க உள்ளூர்லதாங்க" என்றேன்.

நீங்க சம்மணம் போட்டு உக்காந்திருக்கீங்களே, அது அவ கிளாஸுங்க — இதைச் சொல்லவில்லை.