நெல் அறைக் கதவு

செக்காலை, காரைக்குடி
8-2-1971

திரு. பூமிநாதன் அவர்களுக்கு,

வணக்கம். பாக்கு மாற்றிய பெண் இப்படித் தனியே கடிதம் எழுதுவது முறையல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் என் அம்மா அல்ல. மானகிரியில் இருக்கும் பெரியம்மா மலையம்மாள். இருவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். முகம் அச்சு அசல். பெரியம்மா இன்றும் நாற்று நடுகிறார், தண்ணீர் இறைக்கிறார். அப்பா இங்கே நெல் மண்டி வைத்த பதினெட்டு வருடங்களில் அம்மா வயலில் கால் வைக்கவில்லை. இன்று பெரியம்மாவைப் போல இரண்டு மடங்கு இருக்கிறார்.

பெண்ணின் தாயைப் பார்த்துத்தான் முடிவு என்று நீங்கள் சொல்லியனுப்பியதும் அப்பா பயந்துவிட்டார். "ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்தவதானே, இதுல என்ன பொய்யி?" என்றார். நீங்கள் பலகாரம் சாப்பிட்டபோது அம்மா நெல் அறைக்குள் இருந்தார்.

கல்யாணத்தன்றும் "அவளே நிக்கட்டும்த்தா, நான் உள்ள இருந்துக்கிறேன்" என்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணசுந்தரி


மதுரை
12-2-1971

கல்யாணசுந்தரிக்கு,

கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நம்மளக் கேனையன்னு நெனச்சுட்டாக" என்றார். பிறகு, "இவளும் இருவது வருசத்துல அப்படித்தானே ஆவா?" என்று கேட்டார். முறித்துவிடலாம் என்கிறார் சித்தப்பா.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அன்று நீங்களும் உங்கள் பெரியம்மாவை "அம்மா" என்றுதானே கூப்பிட்டீர்கள்?

பூமிநாதன்


செக்காலை
17-2-1971

திரு. பூமிநாதன் அவர்களுக்கு,

ஆமாம், கூப்பிட்டேன். ஒரே ஒரு முறை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அதிலிருந்து என் அம்மாவை அம்மா என்று கூப்பிட நாக்கு கூசுகிறது.

உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பதில்: தெரியாது. உடல்வாகு பெற்றவர்களிடமிருந்து வருகிறது என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். ஆனால் அதே இரத்தம் மானகிரியில் ஒரு விதமாகவும் செக்காலையில் வேறு விதமாகவும் இருக்கிறதே! அம்மா தின்று பெருத்தவர் அல்ல. பெரியம்மா அவரைவிட இரண்டு கவளம் கூடத்தான் சாப்பிடுவார். மண்டிக்காரர் மனைவி வயலுக்குப் போகக்கூடாது என்று அப்பாதான் அம்மாவை உட்கார வைத்தார்.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்குத் தினமும் ஒன்றரை மைல் நடக்கிறேன். உங்கள் வீட்டில் என்னை நடக்க விடுவீர்களா? நடந்தாலும் அம்மாவின் உடம்பு எனக்கு வரலாம். இப்படியே மெலிவாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கல்யாணம் நடந்தால் என் அம்மாதான் நிற்பார். அந்த வாக்கை மட்டும் தர முடியும்.

கல்யாணசுந்தரி


மதுரை
24-2-1971

சுந்தரிக்கு,

இந்தக் கடிதத்தையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நேற்று இட்லி வைத்துக்கொண்டே, "ஆத்தாக்காரி ஒடிசலா இருக்கா, மகளைப் பத்திக் கவலையில்லன்னு அன்னைக்குச் சொன்னேனேடா. உள்ள இருந்தவுகளுக்குக் கேட்டிருக்குமா?" என்றார். கேட்டிருக்கும் என்றேன். அப்புறம் அவர் சாப்பிடவில்லை.

சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும் வருகிறோம். பெரியம்மாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டாமாம். நெல் அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்.

பூமிநாதன்