உன் தோட்டத்திலிருந்து வந்த பை

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் தோட்டம் காய்ந்து கிடக்கும் என்றுதான் நினைத்தேன். ஆடியில் நான் சங்கரன்கோவில் வந்தபோது, துவைக்கிற கல்லைச் சுற்றி நெருஞ்சி முள்ளும் வெறும் மண்ணும்தான் இருந்தன. அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி நாம் பார்த்ததுண்டா? தாலுகா ஆபீஸ் விட்டு வந்தால் ரேடியோ, பேப்பர், சாப்பாடு, தூக்கம்.

அதனால்தான், கார்த்திகையில் அங்கிருந்து காய் வரத் தொடங்கியதும் எனக்கு உறுத்தியது.

நம் அம்மா செவ்வாய்க்கிழமை தோறும் கரிவலத்திலிருந்து பஸ் ஏறி உன் மகள் கோமுவைப் பார்க்கப் போவாள். திரும்பும்போது ஒரு மஞ்சள் பை. முதலில் கொத்தவரை வந்தது. அப்புறம் முள் குத்தும் பிஞ்சுக் கத்தரிக்காய். மார்கழி பிறந்ததும் பை பிதுங்க அவரைக்காய். "உனக்குன்னு சொல்லி அத்தான் பறிச்சுக் குடுத்தாரு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். காய் ஏன் எனக்கு மட்டும்?

ஒரு நாள் காய்க்கு மேலே வாழை இலையில் சுருட்டிய டிசம்பர் பூ இருந்தது. நீ கிணற்றடியில் வைத்தாயே, அந்த ஊதாச் செடியில் பூத்தது.

"பூவுமா அவரு குடுத்துவிட்டாரு?"

"பின்ன? தலைல வச்சுக்கோட்டி, வாடிப் போகுதுல்லா."

நான் வைத்துக்கொள்ளவில்லை. சாமி படத்துக்குப் போட்டேன். அம்மாவின் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். அன்றிலிருந்து எல்லாமே எனக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. மாமா வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார்; நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள். "பால்வாடி வேலைய விட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்று அம்மா சும்மா கேட்பது போலக் கேட்பாள். நான் பால்வாடிக்குப் பின்னால் போட்டிருந்த தக்காளி நாற்றில் கொஞ்சம் கேட்டாள். கோமு நட்டு விளையாடட்டும் என்றாள். கொடுத்தேன். பிறகு அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று யோசித்தேன்.

உன் மேல் உயிரை வைத்திருந்தவர் என்று நான் நம்பிய மனிதர், வருஷம் திரும்பும் முன்னே உன் தங்கைக்குப் பூ அனுப்புகிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்வாடி மீட்டிங் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நேராகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் பின்கதவைத் திறந்ததும் படியிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா, பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பந்தல் குளியலறைக் கூரைமேல் ஏறிவிட்டது. வெள்ளைப் பூவும் பிஞ்சும் ஒன்றாகத் தொங்குகின்றன. பூசணிக்கொடி சுவரைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் காய்த்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரிலிருந்து வெதுவெதுவென்று ஆவி பறந்தது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி, அவரையில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சிமேல் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார். கோமு உன் பழைய சேலைக் கிழிசலைத் தலையில் கட்டிக்கொண்டு, "அங்கன பூச்சி இருக்குப்பா, இங்கனயும் இருக்கு" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"எப்ப படிச்சீங்க இந்த வேலையெல்லாம்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது.

"அவ வெதயச் சாம்பல்ல போட்டு டப்பால வச்சிருந்தா. கோமு அத எடுத்துட்டு வந்து, 'அம்மா நடுவாள்ல, எப்ப நடணும்?'னு நின்னா. நான் என்ன செய்ய? குழி தோண்டினேன்" என்றார்.

கோமு அடுத்த வீட்டுப் பூசணியைப் பார்க்க ஓடினாள். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"காய் சரி அத்தான். பூவ எதுக்குக் குடுத்துவிட்டீங்க?"

"பூவா? நானா?" அவர் சாம்பல் கையோடு அப்படியே நின்றார். "அத்தைதான் பறிச்சுத் தொடுத்தாங்க. நீ ஆசைப்பட்டுக் கேட்டதாச் சொன்னாங்க."

"நான் கேக்கலையே!"

"அப்ப தக்காளி நாத்து? அத்தான் கையால நடணும்னு நீ சொல்லிவிட்டதா..."

"அத நான் கோமுவுக்குல்லா குடுத்தேன்!"

அவர் கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "நான் உன்னயச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேம்மா. இந்தப் புள்ளைக்கு ஏன் புத்தி இப்படிப் போகுது, மனசு நோகாம எப்படிச் சொல்லன்னு ஒரு மாசமா தவிச்சுக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் காட்டாமலே பேசினார்.

"இனிமே கட்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்ல. ஆனா உன்னயக் கட்டமாட்டேன். நீ இந்த வீட்டுல நடந்தா, நான் உன்னயப் பாக்க மாட்டேன். அவளைத்தான் தேடிக்கிட்டு இருப்பேன். அது உனக்குச் செய்யற பாவம்."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. அழுதாள்.

"நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து அந்தப் புள்ளயக் கிள்ளினா யாருட்டி கேக்க? நான் இன்னும் எத்தன நாளைக்கு இருப்பேன்?"

"அதுக்கு எங்க ரெண்டு பேருட்டயும் பொய் சொல்லணுமா?"

உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானா நெனச்சுச் செஞ்சேன்னா பாக்கே? ஆஸ்பத்திரியில உங்க அக்கா என் கையப் புடிச்சுச் சொன்னது இதுதான்."

அக்கா, அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீ அப்படிச் சொன்னாயா? ஆஸ்பத்திரியில் நானும்தான் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோமுவுக்குத் தலை வாரினாயா என்று கேட்டாய். அத்தானுக்குக் காபியில் சீனி குறை என்றாய். நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது சொன்னாயா? சொல்வதாக இருந்தால் என்னிடம் அல்லவா முதலில் கேட்டிருப்பாய்? அம்மா இதையும் பூவைப் போலத் தானே தொடுத்தாளா? தெரியவில்லை. அவளைத் திரும்பக் கேட்டால் சத்தியம் பண்ணுவாள். அந்தச் சத்தியத்தையும் நான் நம்பமாட்டேன். உன்னை மட்டும் எப்படிக் கேட்பது?

நீ சொல்லியிருந்தாலும் என் பதில் ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதே. உன் இடத்தில் வந்து உட்கார என்னால் ஆகாது.

இப்போது மாசி பாதி போய்விட்டது. பையை அம்மா தூக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். தக்காளி கொத்துக் கொத்தாய்ப் பழுத்திருக்கிறது. கோமு அதைச் செடியிலேயே கடித்து, சட்டையெல்லாம் சாறாக்கிக்கொள்கிறாள். வெயில் ஏறும் வரை மூன்று பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறோம். ஊர் என்ன பேசுமோ என்று அம்மா முணுமுணுக்கிறாள். பேசட்டும்.

நேற்று மாமா அத்தானுக்கு வேறொரு இடம் சொல்லிக்கொண்டு வந்தார். பனவடலிசத்திரத்துப் பெண்ணாம். நல்ல பெண்ணாகவே இருக்கலாம். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோமு சாப்பிட்டாளா, அழுதாளா, கையில் கிள்ளிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வருகிறவள் என்னைச் சந்தேகப் பிராணி என்று திட்டினாலும் திட்டட்டும். நான் போவதை நிறுத்தமாட்டேன்.

கோமுவுக்குச் சித்தியாக, சித்தியாக மட்டுமே, என்றும் இருக்கும்
உன் தங்கச்சி